பாஸ்ட் என்பது எந்த வகைச் சொல்? அவசரம்

பிறைவாசி (இரவு 9.12)
வணக்கம். ஆங்கிலப் பயிற்சித்தாளில் பாஸ்ட் என்ற சொல்லுக்கு வினைச்சொல் என்று மகன் எழுதியிருக்கிறான். ஆசிரியை சிவப்பு மையால் சுழித்து அனுப்பிவிட்டார். என்ன எழுத வேண்டும்? காலையில் திருத்திக் கொடுக்க வேண்டும்.

செந்தூல் மணி
பெயரடை. வேகமான ஓட்டக்காரன் என்கிறோமே, அதுதான். ஆனால் வேகமாக ஓடினான் என்றால் அதே ஃபாஸ்ட் வினையடை. உங்களுடையது எது?

ஜெலுத்தோங் தம்பி
மணி அண்ணன் ஃபாஸ்ட் என்று எடுத்துக்கொண்டார். அக்கா எழுதியதில் ஆய்தம் இல்லையே. கடந்த காலம் என்ற பாஸ்டாக இருக்கலாம், தேர்வில் தேறினான் என்ற பாஸ்டாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒலிப்பு ஒன்று, எழுத்து வேறு. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் அக்கா. எத்தனையாம் ஆண்டு?

நன்னூல் நேசன்
வாக்கியத்தைத் தராமல் சொல்லின் வகை கேட்பது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு மருந்து கேட்பது போல. இதை இங்கே எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. வகை சொல்லோடு பிறப்பதில்லை அம்மா. வாக்கியத்தில் அது பார்க்கும் வேலைதான் வகை.

பிறைவாசி (9.40)
மன்னிக்கவும், அடுப்படியில் இருந்தேன். பி, ஏ, எஸ், டி. ஆண்டு 5. வாக்கியம்: வி வாக்ட் பாஸ்ட் தி கிளாக் டவர்.

பட்டர்வொர்த் நாதன்
ஆசிரியைதான் தவறு. மணிக்கூண்டைக் கடந்து நடந்தோம் என்று பொருள். கடந்து என்பது வினை இல்லாமல் வேறென்ன?

ஜெலுத்தோங் தம்பி
அங்கேதான் பையன் வழுக்கியிருக்கிறான். மனத்துக்குள் தமிழாக்கி, கடந்து என்ற வினையெச்சத்துக்கு விடை எழுதிவிட்டான். ஆங்கில வாக்கியத்தில் வினை வாக்ட் ஒன்றே. பாஸ்ட், பின்னால் நிற்கும் மணிக்கூண்டைப் பிடித்து அந்த வினையோடு கட்டுகிறது. ஆகவே முன்னிடைச்சொல், அதாவது பிரிபொசிஷன். மலாய்ப் பாடத்தில் டி, கெ, டாரி எல்லாம் கத்தா செண்டி நாமா என்று படித்திருப்பான். அந்த இனம் என்றால் பிடித்துக்கொள்வான்.

மணிக்கூண்டை எடுத்துவிட்டு வி வாக்ட் பாஸ்ட் என்று நிறுத்தினால் அதுவே வினையடை. இன் தி பாஸ்ட் என்றால் பெயர். தி பாஸ்ட் வீக் என்றால் பெயரடை. வினையாக வேண்டுமென்றால் எழுத்தே மாறும்: பி, ஏ, எஸ், எஸ், இ, டி.

செந்தூல் மணி
பினாங்கு ஜார்ஜ் டவுன் கோட்டைப் பக்கத்து மணிக்கூண்டா? விக்டோரியா ராணியின் 1897 வைர விழாவுக்காக எழுப்பியது. ஆண்ட ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி. கொஞ்சம் சாய்ந்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

நன்னூல் நேசன்
கூண்டு சாயட்டும். தம்பி கடந்து என்பதை ஒரே அடியாக வினையெச்சம் என்றுவிட்டார். கொண்டு, நின்று, இருந்து எல்லாம் வினையெச்சமாகப் பிறந்து வேற்றுமைச் சொல்லுருபாகி, அதாவது ஆல், இல் போன்ற உருபின் வேலையைப் பார்க்கும் சொல்லாகிப் போனவை. கடந்து அந்த வழியில் பாதி தூரம் வந்துவிட்டது.

பட்டர்வொர்த் நாதன்
வாள் கொண்டு வெட்டினான் என்பதை வாளால் வெட்டினான் என்று மாற்றலாம். கடந்து இருக்கும் இடத்தில் எந்த உருபை வைப்பீர்கள் ஐயா?

நன்னூல் நேசன்
உன்னைப் பற்றிப் பேசினேன் என்கிறோம். யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு பேசுவதில்லை. அங்கே எந்த உருபை வைப்பீர்கள்?

பட்டர்வொர்த் நாதன்
பற்றி போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிக்கூண்டை அவர்கள் உண்மையிலேயே கடந்தார்கள். காலால்.

பிறைவாசி (மறுநாள் 1.25)
முன்னிடைச்சொல்தான். ஆசிரியை சரி போட்டுவிட்டார். தம்பிக்கு நன்றி. பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

நன்னூல் நேசன்
நாதன், 'இதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது' என்பதில் தாண்டியது யார்?