ஆர்-390ஏ ரிசீவர்: பிளக் சொருகும் முன் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

வால்வுநேசன் கேட்டது:

ஆர்-390ஏ/யூஆர்ஆர், அதாவது அமெரிக்க ராணுவத்தின் பழைய வால்வு ரக ஷார்ட்வேவ் ரிசீவர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முகப்புத் தகட்டில் இஏசி கம்பெனி, 1967 ஒப்பந்தம் என்று இருக்கிறது. உள்ளே பார்த்தால் ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) டெக்கில் மோட்டரோலா முத்திரை, பிடிஓ (டியூன் செய்யும் ஆசிலேட்டர்) காஸ்மோஸ் கம்பெனியுடையது. சிக்னல் பலம் காட்டும் கேரியர் மீட்டர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. கிலோசைக்கிள் குமிழ் சுமாராகச் சுற்றுகிறது, மெகாசைக்கிள் குமிழ் பாதியில் இறுகி நிற்கிறது. இழை மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் 3டிஎஃப்7 பல்லாஸ்ட் குழாயின் இழை அறுந்திருக்கிறது.

இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. இங்கே 230 வோல்ட். முதலில் எந்தக் கண்டென்சர்களை மாற்றுவது? மொத்தத்தையும் மாற்றியே ஆக வேண்டுமா? பல்லாஸ்டுக்கு மாற்று வழி என்ன? 26இசட்5டபிள்யூ ரெக்டிஃபையர் வால்வு இரண்டையும் எடுத்துவிட்டு டையோடு போடலாமா? என்னிடம் இருப்பது 8 ஓம் ஸ்பீக்கர்தான்.

---

ஈயப்பிடி:

பிளக் சொருகாமல் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை.

ஐஎஃப் டெக்கும் பிடிஓவும் வேறு வேறு கம்பெனி என்று கவலை வேண்டாம். ராணுவப் பழுதுகூடங்களில் டெக்குகளைக் கழற்றி, சரிபார்த்து, கைக்கு வந்த பெட்டியில் மாட்டி அனுப்புவார்கள். எல்லா ஒப்பந்தக்காரர்களின் டெக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படிதான் காலின்ஸ் கம்பெனி இதை வடிவமைத்தது. தகட்டில் உள்ள பெயர் முகப்புக்கு மட்டுமே சாட்சி. மீட்டர் இல்லாததற்குக் காரணம் அதன் முள்ளிலும் எண்களிலும் பூசிய ரேடியம். ராணுவம் கழித்துக்கட்டும்போது மீட்டரைப் பிடுங்கிக்கொண்டுதான் விற்றது.

முதல் வேலை சி553. ஐஎஃப் டெக்கில் வி501 குழாயின் பிளேட்டிலிருந்து மெக்கானிக்கல் ஃபில்டர்களுக்குப் போகும் 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர். பிளேட்டில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. ஃபில்டரின் உள்ளீட்டுச் சுருள் மறுமுனையில் கிரவுண்டுக்குப் போகிறது. நடுவில் தடுப்பாக இருப்பது இந்த ஒரு கண்டென்சர்தான். அது கசிந்தால் தலைமுடி அளவுக் கம்பியில் சுற்றிய சுருள் வழியாக டிசி ஓடும். சுருள் எரிந்தால் அந்த ஃபில்டர் போயிற்று, புதிதாக யாரும் செய்வதில்லை. 2, 4, 8, 16 கிலோசைக்கிள் என நான்கு ஃபில்டர். சுவிட்ச் எந்த இடத்தில் இருக்கிறதோ அது பலியாகும். 0.1-உம் 1-உம் கிரிஸ்டல் ஃபில்டர் வேலை.

600 வோல்ட்டுக்குக் குறையாத, முடிந்தால் 1000 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போடுங்கள். டெக்கை வெளியே எடுக்க, தலையில் பச்சை வண்ணம் பூசிய திருகுகளை மட்டும் தளர்த்துங்கள். அவை டெக்கோடே தொங்கி நிற்கும், கழன்று விழாது. முன்பக்கத்தில் பேண்ட்விட்த், பிஎஃப்ஓ (பீட் ஒலி தரும் ஆசிலேட்டர்) குமிழ்களின் தண்டுகளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புகளுக்கு பிரிஸ்டல் குறடு வேண்டும். சாதாரண ஆலன் குறடு போட்டால் திருகின் தலை வழவழத்துவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டெக் வெளியே இருக்கும்போதே நான்கு ஃபில்டர்களின் சுருள் ஓமையும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் திறந்து கிடந்தால் முந்தைய கைகளில் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். சுருள் நன்றாக இருந்தும் சத்தம் குறைவாக வருகிறதென்றால், ஃபில்டருக்குள் வட்டுகளைத் தாங்கும் நுரை பசையாக உருகியிருக்கும்.

அடுத்து ஆடியோ டெக்கில் சொருகும் இரண்டு எலெக்ட்ரோலிட்டிக் டப்பாக்கள். சி603-இல் 30 மைக்ரோஃபாரட் இரண்டு, சி606-இல் 45 மைக்ரோஃபாரட் மூன்று. அரை நூற்றாண்டு தாண்டிய எலெக்ட்ரோலிட்டிக்கை மெல்ல மெல்ல வோல்ட் ஏற்றி மீட்பது சாத்தியம்தான், ஆனால் இந்த செட்டில் அதற்கு மெனக்கெடாதீர்கள். டப்பாவை அடியோரம் அறுத்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, 33 மைக்ரோஃபாரட் இரண்டும் 47 மைக்ரோஃபாரட் மூன்றும் 450 வோல்ட் ரகத்தில் வையுங்கள். ஏன் 450 என்று டையோடு பேச்சில் தெரியும். அதே டெக்கில் சி609, 8 மைக்ரோஃபாரட் 30 வோல்ட். அதற்கு 10 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் போதும்.

பழுப்பு நிற மோல்டட் பேப்பர் கண்டென்சர்கள் எங்கே தென்பட்டாலும் தூக்கிவிடுங்கள். இரண்டு 6ஏகே6 அவுட்புட் குழாய்களின் கிரிடுகளுக்கும் போகும் கப்ளிங் கண்டென்சர்கள் முக்கியம். கசிந்தால் குழாயும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து சூடாகும்.

மின்சாரம் கொடுக்கும் முன் பவர் சப்ளை டெக்கில் 115/230 சுவிட்ச் எந்தப் பக்கம் என்று பார்க்கவும். அமெரிக்காவிலிருந்து வந்த செட் பெரும்பாலும் 115-இல்தான் நிற்கும். முதல் முறை வாரியாக்குடன் (வோல்ட்டை மெல்ல ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர்) 100 வாட் சீரியஸ் பல்பும் வையுங்கள். எர்த் இல்லாமல் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்: உள்ளே வரும் லைன் ஃபில்டரில் இரு கம்பியிலிருந்தும் சாசிக்குக் கண்டென்சர் இருக்கிறது. எர்த் விட்டுப்போனால் சாசி பாதி மெயின்ஸ் வோல்ட்டில் மிதக்கும். அந்த ஃபில்டர் பழசாகிக் கசிந்தால் வீட்டு ஆர்சிசிபி விழும். கோளாறு செட்டின் உள்ளே என்று தேடி நாளை வீணடிக்க வேண்டாம், ஃபில்டரை மட்டும் பிரித்துச் சோதியுங்கள்.

பின்பக்கம் ஓவன் (ஆசிலேட்டர்களைச் சூடாக வைக்கும் ஹீட்டர்) சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். வீட்டில் கேட்பதற்கு அது தேவையே இல்லை, சூடும் மின்சாரமும் வீண்.

---

நாற்பதுமீட்டர்:

ஈயப்பிடி சார் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. "பழுப்பு எங்கே தென்பட்டாலும் தூக்கு" என்பது ஐஎஃப், ஆடியோ டெக்குக்குப் பொருந்தும். அதே வேகத்தில் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) டெக்கில் கை வைத்துவிடாதீர்கள். அங்கே உள்ள மைக்கா, செராமிக் கண்டென்சர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எல்லாவற்றையும் மாற்றப் போய் பேண்டு சுவிட்ச் வேஃபரில் சூடு பட்டு அலைன்மென்ட்டும் கெட்டால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். உலோக உறை, கண்ணாடி முனை போட்ட விட்டமின்-கியூ ரகத்தையும் சோதித்துவிட்டே மாற்றுங்கள்.

சோதனை சுலபம். அடுத்த கட்டக் குழாயைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சரின் கிரிடு பக்க முனையில் 10 மெகாஓம் மீட்டரால் டிசி பாருங்கள். செட் சூடான பிறகு 0.1 வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ் காட்டினால் மாற்றலாம். குளிர்ந்த நிலையில் நல்லதாகக் காட்டி, சூடானதும் கசிபவை நிறைய உண்டு. சி553-க்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், பார்க்காமலே மாற்றுங்கள். ரெசிஸ்டர்களில் பிளேட் வழியில் இருக்கும் 2.2 கிலோஓம் கார்பன்கள் சூட்டில் மதிப்பு ஏறியிருக்கும். 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் மாற்றலாம்.

டையோடு போடலாம், 1என்4007 போதும். ஆனால் வால்வு ரெக்டிஃபையரில் வீணாகும் வோல்ட் டையோடில் வீணாகாது. பி பிளஸ் (குழாய்களுக்குப் போகும் உயர் டிசி) 240 வோல்ட்டைத் தாண்டிப் போகும். ரெக்டிஃபையருக்கும் சோக்குக்கும் இடையில் 220 முதல் 270 ஓம், 25 வாட் வயர்வுண்டு ரெசிஸ்டர் ஒன்று போட்டு, செட் ஓடும் நிலையில் 240-க்குக் கொண்டுவாருங்கள். அது மட்டும் போதாது. 26இசட்5டபிள்யூ சூடேறி மின்சாரம் விடுவதற்குள் மற்ற குழாய்களும் தயாராகிவிடும். டையோடு சுவிட்ச் போட்ட நொடியே விடுகிறது. அப்போது மின்சாரம் இழுக்க ஆளே இல்லை, ரெசிஸ்டரில் வோல்ட் விழாது, முழு உச்ச வோல்ட்டும் கண்டென்சரில் ஏறும். பழைய 300 வோல்ட் டப்பா அங்கேதான் வெடிக்கிறது. 450 வோல்ட் கண்டென்சருக்குக் காரணம் இதுவே. என் கட்சி, நல்ல 26இசட்5டபிள்யூ ஜோடி கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது.

பல்லாஸ்ட் விஷயம். 25.2 வோல்ட்டில் 3டிஎஃப்7-உம் பிஎஃப்ஓ, பிடிஓ இரண்டின் 6.3 வோல்ட் இழைகளும் வரிசையாக நிற்கின்றன, ஓட்டம் 0.3 ஆம்பியர். பல்லாஸ்டில் விழ வேண்டியது ஏறக்குறைய 12.6 வோல்ட். ஆக 42 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை சாக்கெட்டின் 2-ஆம், 7-ஆம் கால்களுக்கு இடையே போட்டால் வேலை முடிந்தது. இன்னும் சுத்தமான வழி: அந்த இரண்டு கால்களையும் கம்பியால் இணைத்துவிட்டு, பிஎஃப்ஓவிலும் பிடிஓவிலும் 6பிஏ6-க்குப் பதில் 12பிஏ6 சொருகுங்கள். 12.6 வோல்ட் இரண்டு வரிசையில், கணக்கு நேராகிவிடும், ரெசிஸ்டர் சூடும் இல்லை. ஒன்றை 12, இன்னொன்றை 6 என்று கலந்தால் ஒரு இழை போய்விடும். பின்னால் யாராவது 3டிஎஃப்7 கொண்டுவந்து மாட்டாமல் இருக்க சாக்கெட் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.

ஸ்பீக்கர்: லோக்கல் ஆடியோ வெளியீடு 600 ஓம், அரை வாட். 8 ஓமை நேராக மாட்டினால் ஈ முனகுவது மாதிரிதான் கேட்கும். திருவிழா ஒலிபெருக்கிக்காரர்களிடம் இருக்கும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். 15 வாட் டேப்பின் பிரைமரி 667 ஓம், இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். பின்பக்கம் 6, 7 முனைகளில் மாட்டுங்கள். அதே பலகையில் 1–2, 3–4, 11–12, 14–15 இணைப்புத் தகடுகள் இருக்கின்றனவா பாருங்கள். இவற்றில் ஒன்று காணாமல் போனாலே செட் ஊமையாகவோ அரைகுறையாகவோ இருக்கும்.

---

பல்சக்கரம்:

மெகாசைக்கிள் குமிழை இனி ஒரு இழைகூட பலமாகத் திருகாதீர்கள். இறுகியிருப்பது பெரும்பாலும் அரக்காகிப் போன கிரீஸ்தான். ஆனால் அந்தக் குமிழோடு ஆர்எஃப் பேண்டு சுவிட்சும் கிரிஸ்டல் ஆசிலேட்டர் சுவிட்சும் சேர்ந்து திரும்ப வேண்டும். எங்கோ ஒன்று சிக்கிய நிலையில் பலம் கொடுத்தால் கிளாம்ப் நழுவும், அல்லது வேஃபர் உடையும். நழுவினால் டயல் ஒரு பேண்டைக் காட்டும், உள்ளே சுவிட்ச் வேறு பேண்டில் நிற்கும்.

முகப்பைக் கழற்றிவிட்டு, ஸ்லக் (சுருளுக்குள் ஏறி இறங்கும் டியூனிங் உருளை) ரேக்குகளின் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ரேக்குகளை வெளியே எடுங்கள். எது எங்கிருந்தது என்று குறித்து வையுங்கள். ஸ்லக்குகள் இடம் மாறினால் அலைன்மென்ட் மொத்தமும் போச்சு. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனும் பல் துலக்கும் பிரஷும் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசை விட்டுப்போகும். கீழே துணி பரப்பி, ஆர்எஃப் டெக்கின் சுருள்கள் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தண்டின் தாங்குமிடத்திலும் ஊசி முனையால் ஒரு சொட்டு லேசான செயற்கை மெஷின் ஆயில், பல்லில் மெல்லிய பூச்சு. ஸ்லக்குகளில் எண்ணெய் படவே கூடாது.

சக்கரங்களில் பல இரட்டைத் தகடு. நடுவில் ஸ்பிரிங் இருக்கும், ஆட்டம் வராமல் இருப்பதற்கு. கழற்றினால் மாட்டும்போது இரண்டு தகடுகளையும் இரண்டு மூன்று பல் நகர்த்தி இழுவை கொடுத்தே பொருத்துங்கள். அதிகம் கொடுத்தால் குமிழ் மறுபடி இறுகும்.

மாட்டி முடித்ததும் டயலை 7 +000-க்குக் கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் கேம்களின் நுனிகள் தகட்டில் கீறிய கோடுகளோடு நேராக நிற்க வேண்டும். நிற்காத கேமின் கிளாம்ப்பை மட்டும் தளர்த்திச் சரிசெய்யுங்கள். இது சரியாகாமல் சிக்னல் ஜெனரேட்டரைத் தொடுவதில் பயனில்லை.

---

வால்வுநேசன்:

மூவருக்கும் நன்றி. சி553 மாற்றியாயிற்று, நான்கு ஃபில்டர் சுருளும் ஏறக்குறைய ஒரே ஓம். 12பிஏ6 வழியில் போனேன். செட் பேசுகிறது. இப்போது இரண்டு கோளாறு. ஏஜிசியை (தானாகக் கெயினைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஸ்லோவில் வைத்தால் பலமான நிலையங்கள் உடைந்து கேட்கின்றன, ஃபாஸ்ட்டில் சுத்தம். இரண்டாவது, 000-இல் காலிபிரேட் செய்துவிட்டு மேல் முனையான +000-க்குப் போனால், ஜீரோ பீட் (பீட் ஒலி மறையும் இடம்) +007-இல்தான் வருகிறது.

---

ஈயப்பிடி:

முதலாவது சி551. ஐஎஃப் டெக்கில் இருக்கும் 2 மைக்ரோஃபாரட் எண்ணெய் டப்பா, ஸ்லோ நிலையில் மட்டும் வேலைக்கு வரும். கசிந்து ஏஜிசி வழியில் பாசிட்டிவ் ஏற்றுகிறது, அதனால் செட் கெயினைக் குறைக்க முடிவதில்லை. 2.2 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் பாலிபுரோப்பிலீன் போடுங்கள். எலெக்ட்ரோலிட்டிக் போட்டுவிடாதீர்கள், அதன் இயல்பான கசிவே இங்கே அதிகம்.

இரண்டாவது பிடிஓ. 10 சுற்றில் சரியாக 3.455-லிருந்து 2.455 மெகாசைக்கிளுக்கு இறங்க வேண்டியது, வயதால் 7 கிலோசைக்கிள் குறைந்துவிட்டது. தொடும் முன் பிஎஃப்ஓவைச் சரிபாருங்கள்: பேண்ட்விட்த் 0.1-இல் வைத்து, காலிபிரேட்டர் சிக்னலை உச்சத்துக்கு டியூன் செய்து, பிஎஃப்ஓவை ஜீரோ பீட்டுக்குக் கொண்டுவந்து குமிழை 0-இல் பூட்டுங்கள். இது தப்பாக இருந்தால் பிறகு எடுக்கும் அளவெல்லாம் தப்பு. செட் ஒரு மணி நேரம் ஓடட்டும். அதன்பின் பிடிஓவின் மூடித் திருகை எடுத்து எல்701-ஐக் கால் சுற்றுக் கணக்கில் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் 000 முனையும் நகரும். மறுபடி அங்கே பூஜ்யம் செய்துவிட்டு மேல் முனையைப் பாருங்கள். 1 கிலோசைக்கிளுக்குள் வந்தால் விட்டுவிடலாம். திருகு முடிந்தும் மிச்சம் இருந்தால் பிடிஓவைத் திறந்து எல்701-இல் ஒரு சுற்றுக் கம்பியை அவிழ்க்க வேண்டும்.

---

பல்சக்கரம்:

பிடிஓ முடிந்த பிறகே ஆர்எஃப் அலைன்மென்ட். கீழ்முனையில் ஸ்லக், மேல்முனையில் டிரிம்மர். கிலோசைக்கிளில்: 550க்கு 950, 1100க்கு 1900, 2200க்கு 3800, 4400க்கு 7600, 8800க்கு 15200, 17600க்கு 30400. ஒவ்வொரு ஜோடியையும் மூன்று முறையாவது மாறி மாறிப் பாருங்கள். பின்பக்கப் பலகையில் டையோடு லோடு (டிடெக்டர் வெளியீடு) 14-ஆம் முனையில் மைனஸ் 7 வோல்ட்டைத் தாண்டாதபடி ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஸ்லக் திருகைச் சுற்ற உலோகம் அல்லாத கருவி வேண்டும்.

கடைசியாக ஐஎஃப் கெயினை அமைக்கும் ஆர்519. ஐஎஃப் உள்ளீட்டில் 455 கிலோசைக்கிள், 150 மைக்ரோவோல்ட் கொடுத்து மைனஸ் 7 வருமாறு வையுங்கள். கெயின் அதிகம் கிடைக்கிறதே என்று முழுக்கத் திருகினால் கூடுவது இரைச்சல்தான். மீட்டர் கிடைத்ததும் ஆர்523-இல் பூஜ்யம் வையுங்கள். அந்தப் பழைய பொட்டென்ஷியோமீட்டர் தொட்டாலே குதிக்கும், 100 ஓம் 10 சுற்று டிரிம்மர் போட்டால் நிம்மதி.