வரலாற்றுக் களஞ்சியத்துக்கு 03 போட்டால் ஏன் இடம் மாறுகிறது?

அலமாரி: வணக்கம். சமூக மன்றத்துச் சிறு நூலகத்துக்கு டியூயி எண் (நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் பகுப்பெண்) போடுகிறோம். களஞ்சியம் என்றால் 03, பருவ இதழ் என்றால் 05 என்று சேர்த்து வருகிறோம். சிங்கப்பூர் வரலாற்றுக் களஞ்சியத்துக்கு 959.5703 போட்டால், அது காலனி ஆட்சிக்கால நூல்களுக்கு நடுவில் போய் நிற்கிறது. எங்கே தவறு? மலர், டிவிடி இவற்றுக்கு என்ன செய்வது?

நூல்வரிசை: ஒரு சுழியம் குறைகிறது. சிங்கப்பூர் வரலாற்றுக்கான 959.57-க்குப் பின் வரும் 03, 04, 05 எல்லாம் காலப்பகுதிகளுக்குப் போய்விட்டன. 03 பிரிட்டிஷ் ஆட்சிக்காலம். ஆகவே களஞ்சியம், இதழ் போன்ற வடிவத்தைக் காட்ட இரண்டு சுழியம் வேண்டும்: களஞ்சியத்துக்கு 959.57003. மருத்துவக் களஞ்சியம் 610.3, பொருளியல் 330.03, பொறியியல் 620.003. வடிவம் ஒன்றுதான், சுழியம்தான் கூடிக் குறைகிறது. மனப்பாடமாகப் போடாமல் அந்தந்த எண்ணின் கீழுள்ள குறிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: நூல் அந்த எண்ணின் முழுப் பரப்பையும் ஏறத்தாழவாவது தழுவினால்தான் வடிவ எண். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தை மட்டும் பேசும் வரலாற்றுக் களஞ்சியத்துக்கு வெறும் 959.57 போதும்.

மலர் ஆண்டுதோறும் வந்தால் 05. ஒரு விழாவுக்கு ஒரே முறை வெளியிட்டது என்றால் 05 கூடாது.

ஏட்டுச்சுவடி: மொழிப் பிரிவில் அகராதிக்கும் இலக்கியப் பிரிவில் புனைகதை போன்றவற்றுக்கும் 03 போடாதீர்கள். அவற்றுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. தமிழ் அகராதி 494.8113, தமிழ்–ஆங்கில அகராதி 494.811321. தமிழ்ப் புனைகதையோ 894.8113. கடைசி 3 முன்னதில் அகராதி, பின்னதில் புனைகதை. முதல் இலக்கம் பிழைத்தால் அகராதி நாவல்களோடு சேர்ந்துவிடும், தேடினாலும் கிடைக்காது. இலக்கியத்தில் கவிதை 1, நாடகம் 2, கட்டுரை 4. அங்கே எழுத்தின் வடிவமே பகுப்பு.

சீர்காழி: டிவிடி என்பது ஊடகம்; 03, 05 போலச் சொல்லும் முறை அல்ல. சிங்கப்பூர்ச் சமையல் நூலும் டிவிடியும் ஒரே 641.595957தான். முதுகு ஒட்டில் எண்ணுக்கு மேல் ‘டிவிடி’ என்று எழுதுங்கள். பட்டியலில் மார்க் (கணினி நூற்பட்டியலின் பதிவு வடிவம்) 338-ஆம் புலத்தில் தாங்கி வகையைக் குறியுங்கள்.

டியூயியில் களஞ்சியம் பொது நூல்களுக்குப் பின்னால் வரும். நம் சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு என்னும் இன்னொரு முறையில் k சேர்த்த களஞ்சியமும் m சேர்த்த இதழும் பொது நூல்களுக்கு முன்னாலேயே நிற்கும். வாசகர் முதலில் புரட்டுவது களஞ்சியத்தைத்தானே! டியூயியிலும் அந்த வசதி வேண்டுமென்றால், எண்ணை மாற்றாமல் ‘பார்வை நூல்’ ஒட்டுப் போட்டுத் தனி அடுக்கில் வையுங்கள்.