கலைச்சொல் விவாதம்: 'இன்னேட் இம்யூனிட்டி' பிறவியா, உள்ளார்ந்ததா, இயல்பா?

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவ மாணவர்களுக்கான நோயெதிர்ப்பியல் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் இயலிலேயே வண்டி நின்றுவிட்டது. எந்தக் கிருமி வந்தாலும் முன்பழக்கம் இல்லாமலே உடனே எழும் உடலின் காவல்தான் 'இன்னேட் இம்யூனிட்டி'. அதற்கு இதுவரை என் கண்ணில் பட்டவை: பிறவி நோயெதிர்ப்பு, உடன்பிறந்த நோயெதிர்ப்பு, உள்ளார்ந்த நோயெதிர்ப்பு, முதல்நிலைத் தடுப்பு, பொதுத் தடுப்பு. 'இம்யூனிட்டி'க்கே பாடநூலில் 'நோய்த்தடைக்காப்பு', ஈழத்து நூல்களில் 'நிர்ப்பீடனம்'. எனக்கு 'பிறவி' பிடித்திருக்கிறது. எளிது, யாருக்கும் விளக்க வேண்டாம். ஆட்சேபம் இல்லையென்றால் அதையே போட்டுவிட்டு மேலே போகிறேன்.

மடல் 2

தோழி,

ஆட்சேபம் உண்டு. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> எனக்கு 'பிறவி' பிடித்திருக்கிறது.

எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. 'குறைபாடு' என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றோடு விட்டுவிட்டேன். மருத்துவத் தமிழில் 'பிறவி' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது: பிறவி இதயக் குறைபாடு, பிறவிக் கண்புரை. 'பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடு' என்று எழுதினால் மாணவர் எதை நினைப்பார்? டி உயிரணுக்களே இல்லாமல் பிறந்து, கிருமி அண்டாத அறையில் வளர்க்கப்படும் குழந்தையைத்தான் நினைப்பார். அது பிறவிக் குறைபாடுதான். ஆனால் அங்கே பழுதானது 'அடாப்டிவ்' பக்கம், அதாவது கிருமியைச் சந்தித்தபின் பி, டி உயிரணுக்கள் சேர்த்துக்கொள்ளும் எதிர்ப்பு. நாள்பட்ட கிரானுலோமா நோயோ நேர்மாறு. அதில் விழுங்கும் உயிரணுக்கள் கிருமியை விழுங்கிவிடும். உள்ளே வைத்துக் கொல்ல வேண்டிய ஆக்சிஜன் வேதிகளைத்தான் அவற்றால் செய்ய முடியாது. அதுவும் பிறவியிலேயே வருவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து விழும்.

இன்னொன்று. பிறக்கும்போது இருப்பதெல்லாம் 'இன்னேட்' அல்ல. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து, பிறந்தபின் சில மாதம் காவல் இருக்கின்றன. அவை தாய் தன் வாழ்நாளில் நோய்களோடு மோதிச் சம்பாதித்த சொத்து. 'இன்னேட்' பக்கமோ பிறக்கும்போது முழுமையாகவும் இல்லை. பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் நிரப்புக்கூறுப் ('காம்ப்ளிமென்ட்') புரதங்கள் வளர்ந்தவர்களைவிடக் குறைவு. 'எப்போது வந்தது' என்று கேட்கும் சொல் இங்கே உதவாது. 'எப்படி அடையாளம் காண்கிறது' என்பதில்தான் வேறுபாடே இருக்கிறது.

'உடன்பிறந்த' என்பதற்கும் இதே பதில். போதாக்குறைக்கு, 'உடன்பிறந்தே' என்றதும் தமிழ் படித்தவர் காதில் அடுத்து விழப்போவது 'வியாதி'. மருந்துப் பக்கம் வைக்க வேண்டிய சொல்லா அது?

'முதல்நிலை'யும் வேண்டாம். புதிய கிருமி முதன்முறை வரும்போது பி, டி உயிரணுக்கள் காட்டும் எதிர்வினைக்கு 'முதல்நிலை எதிர்வினை' என்று ஏற்கெனவே பெயர். தவிர, முதலில் வந்து சண்டை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் படை அல்ல இது. கிளையுயிரணு கிருமித் துணுக்கைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் டி உயிரணு விழித்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை விழுங்கி முடிப்பதும் இதே பக்கத்துப் பெருவிழுங்கிதான் ('மேக்ரோஃபேஜ்'). தொடக்கத்திலும் இருக்கிறது, இறுதியிலும் இருக்கிறது.

'பொதுத் தடுப்பு' என்பது பழைய நூல்களின் 'நான்-ஸ்பெசிஃபிக்' பெயர்ப்பு. அந்தக் கருத்தே இப்போது செல்லாது. நோயெதிர்ப்பியலாளர் சார்லஸ் ஜேன்வே 1989இல் ஒரு கேள்வியை எழுப்பினார். தூய புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடல் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கூடவே கொஞ்சம் பாக்டீரியச் சரக்கைக் கலந்தால் துள்ளி எழுகிறது. அப்படியானால் பாக்டீரியத்துக்கே உரிய எதையோ அறியும் ஏற்பிகள் நம்மிடம் இருந்தாக வேண்டும் என்றார். இருந்தன. 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, 'டோல்' என்ற மரபணு கெட்டால் பழ ஈ பூஞ்சைக்குப் பலியாகிறது என்று காட்டியது. 1997இல் ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிட்டோவும் மனிதரிடம் அதன் உறவுப் புரதத்தைக் கண்டார்கள். 1998இல் புரூஸ் பாய்ட்லர், கிராம் எதிர் பாக்டீரியச் சுவரின் கொழுப்புச் சர்க்கரையை உணர்வது அந்தக் குடும்பத்தின் நான்காம் உறுப்பினர் என்று எலிகளில் காட்டினார். ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மனிதரிடம் இந்த வகை ஏற்பிகள் 10. ஒன்று கசையிழைப் புரதத்தை அறியும், ஒன்று இரட்டை இழை ஆர்என்ஏவை, ஒன்று பாக்டீரிய டிஎன்ஏவின் சாயலை. கிருமி எதைக் கழற்றி எறிந்தால் பிழைக்கவே முடியாதோ, அதைத்தான் இவை பிடிக்கின்றன. இதைப் 'பொது' என்று எப்படிச் சொல்வது?

(நடுவில் ஒரு வார்த்தை: 'டோல்' என்றால் சுங்கம் அல்ல. யாராவது 'சுங்க ஏற்பி' என்று எழுதுவதற்குள் சொல்லிவைக்கிறேன். ஈயின் கருவை ஆராய்ந்த ஜெர்மன் ஆய்வகத்தில், வியந்து சொன்ன 'அட, பிரமாதம்!' என்பதுதான் அது. 'டோல்' என்றே இருக்கட்டும். இதில் வேடிக்கை, 'இம்யூனிட்டி'தான் உண்மையில் வரியோடு தொடர்புள்ள சொல்: ஊர்க்கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவர் என்பது அதன் லத்தீன் வேர்ப்பொருள்.)

மிஞ்சியது 'உள்ளார்ந்த'. வழக்கில் வலுவாக இருப்பதும் அதுவே. ஆனால் அதை 'இன்ட்ரின்சிக்' என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். வைரஸ் நுழைந்த உயிரணு வெளியுதவி எதுவும் இல்லாமல் தன் புரதங்களாலேயே அதை முடக்குவதுண்டு. நோயெதிர்ப்பியலில் அதற்குத் தனிப்பெயர் உண்டு, அங்கே 'உள்ளார்ந்த' கச்சிதமாகப் பொருந்தும். மேலும், அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் விவரித்த லைசோசைம் நம் கண்ணீரில் இருக்கிறது. கன்னத்தில் வழிவதை 'உள்ளார்ந்த' என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

என் முன்மொழிவு: இயல்பெதிர்ப்பு. அதன் இணை ஈட்டெதிர்ப்பு. ஒன்று இயல்பாக அமைந்தது, மற்றது ஈட்டியது.

மடல் 3

ஐயா, தங்கள் மடலை ரசித்துப் படித்தேன். அறிவியல் எனக்குத் தெரியாது. தமிழாசிரியனாக ஒரே ஒரு கேள்வி.

நோயெதிர்ப்பு என்றால் நோயை எதிர்ப்பது. தீயெதிர்ப்பு என்றால் தீயை எதிர்ப்பது. அப்படியானால் இயல்பெதிர்ப்பு?

மடல் 4

ஐயா,

மாட்டிக்கொண்டேன்! இயல்பை எதிர்ப்பது என்றால் உடல் தன்னையே தாக்கும் நோய்க்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். நான் வைத்த பெயர் நேர் எதிர் நோயில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. ஈட்டெதிர்ப்புக்கும் அதே கதிதான்.

இரவெல்லாம் புரட்டிப் பார்த்ததில், 'எதிர்ப்பு' என்ற பாதியைக் கைவிடுவதே நல்லது என்று படுகிறது. பாடநூலின் 'தடைக்காப்பு' எனக்கு நீளமாகத் தோன்றும். ஆனால் அதன் பின்பாதி நல்ல சொல். இயல் + காப்பு = இயற்காப்பு. இயற்பெயர் என்பது ஒருவருக்கு அடிப்படையில் உள்ள பெயர். புனைபெயரும் பட்டப்பெயரும் பிறகு வந்து சேர்பவை. அதே உறவு இங்கேயும் இருக்கிறது. இணைச்சொல் ஈட்டுகாப்பு. வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது, சரிதானே? ஈட்டிய, ஈட்டுகின்ற, ஈட்டும் காப்பு. ஒவ்வொரு நோயிலும் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஓர் அமைப்பை முக்காலமும் காட்டும் தொகையில் வைப்பதைவிட வேறென்ன பொருத்தம் வேண்டும்?

'நோய்' என்ற சொல் உள்ளே இல்லாததும் லாபமே. இந்த அமைப்புக்குக் கிருமிதான் வேண்டும் என்பதில்லை. கால் பெருவிரல் மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்தால், விழுங்கப் போன உயிரணு அதையும் ஆபத்தாக எண்ணி அபாய மணி அடிக்கிறது. கௌட் வலி அதனால்தான். இரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கொலஸ்ட்ரால் படிகங்களும் அதே மணியை அடிக்கின்றன.

சொல் நிற்குமா என்பதை ஓடுகிற பத்தியில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு முயற்சி:

"விரலில் மரச்சிராய் ஏறுகிறது. சிராயோடு பாக்டீரியமும் உள்ளே போகிறது. தோலடியில் குடியிருக்கும் பெருவிழுங்கிகள் தம் டோல் வகை ஏற்பிகளால் பாக்டீரியச் சுவரைத் தொட்டு அறிகின்றன. இயற்காப்பின் முதல் அசைவு இது. மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, நுண்குழாய்கள் விரிகின்றன: விரல் சிவக்கிறது, சுடுகிறது. குழாய்ச் சுவர் இளகி நீர் கசிகிறது: வீங்குகிறது, வலிக்கிறது. பெருவிழுங்கி அனுப்பிய சைட்டோகைன் என்னும் சைகைப் புரதங்களால் குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகிறது. இரத்தத்தோடு விரைந்துகொண்டிருந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அதில் உரசி, உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நின்று, உடலைச் சப்பையாக்கிக்கொண்டு சுவரின் இடுக்கு வழியே வெளியே பிதுங்குகின்றன. விழுங்குகின்றன, கொல்கின்றன, தாமும் சாகின்றன. மறுநாள் சிராயைச் சுற்றி மஞ்சளாகத் தெரியும் சீழில் பெரும்பகுதி அவற்றின் பிணங்களே. ஈட்டுகாப்பு இன்னும் களத்துக்கு வரவில்லை. புதிய கிருமியென்றால் அதற்குப் பல நாள் பிடிக்கும்."

எனக்கு நாக்கு இடறவில்லை. சிவப்பு, வீக்கம், சூடு, வலி நான்கையும் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். அதற்கு நம்மிடம் 'அழற்சி' இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

கை வைக்க வேண்டியது 'பேருண்ணி'யில்தான். சில நூல்களில் மேக்ரோஃபேஜுக்கு அப்படிப் போட்டிருக்கிறார்கள். உண்ணி என்றால் நாய்க் காதில் தொங்குவது. அதிலும் பெரிய உண்ணி என்றால் மாணவர் மனதில் என்ன படம் வரும்? 'பெருவிழுங்கி' போதும். இந்த உயிரணுக்களுக்குப் பெயர் வைத்த கதையும் நமக்கு ஆறுதலானதுதான். 1882இல் மெசினாவில் இல்யா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் கண்ணாடிபோன்ற இளம் உயிரிக்குள் முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலை அந்த முள்ளைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். கண்டது அவர், 'ஃபேகோசைட்' (விழுங்கும் உயிரணு) என்ற பெயரைச் சொன்னது வியன்னாவில் இருந்த விலங்கியலாளர் கிளாஸ். அவரும் நம்மைப்போல் நாலு பேரைக் கேட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்.

மடல் 5

வணக்கம். வார்டு வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக.

இயற்காப்புக்கு என் ஓட்டு. 'பிறவி இயற்காப்புக் குறைபாடு' என்று சொல்லிப் பார்த்தேன், குழப்பம் இல்லை. ஆனால் இரண்டு நெருடல்கள்.

ஒன்று: தொற்றுக்கு எதிரான உடலின் பதிலடி கட்டுமீறிப்போகும் செப்சிஸில் இதே அமைப்புதான் நோயாளியைக் கொல்கிறது. விரலளவில் நடந்தால் நல்லதாக இருக்கும் அதே கசிவு உடம்பெங்கும் ஒருசேர நடந்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதைப் போய்க் 'காப்பு' என்பதா?

இரண்டு: இயற்காப்பு எதையும் நினைவில் வைக்காது, ஈட்டுகாப்பு மட்டுமே வைக்கும் என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள். 2011 முதல் 'டிரெயின்ட் இம்யூனிட்டி' என்ற சொல் புழங்குகிறது. காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்டபின் மோனோசைட்டுகள் (இயற்காப்பின் ஒருவகை வெள்ளணுக்கள்) காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளுக்கும் முன்னைவிட முறைப்பாகப் பதிலடி தருகின்றன. மரபணு மாறுவதில்லை, அதைச் சுற்றியிருக்கும் பொதிவுதான் தளர்கிறது. இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

மடல் 6

டாக்டர் அம்மா, இரண்டாவதற்குப் 'பழகிய இயற்காப்பு' என்று சொல்லலாமா? 'பயின்ற' என்றால் பாடம் கற்ற மாதிரி ஆகிவிடும். 'பழகிய' என்றால் கை பழகியது என்ற அளவில் நிற்கும்.

முதலாவதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. காவலுக்கு நின்றவன் அடித்தாலும் அவன் பெயர் காவலன்தான். 'செப்சிஸில் இயற்காப்பு கட்டுமீறுகிறது' என்று எழுதினால் வாக்கியம் நிற்கிறது, அதோடு விடுகிறேன்.

ஈட்டுகாப்பில் வல்லினம் மிகாதது சரியா என்று ஐயா இன்னும் சொல்லவில்லை.

மடல் 7

சரியே. ஊறுகாய், சுடுகாடு, ஈட்டுகாப்பு.

மடல் 8

அனைவருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து கோப்பு முழுவதும் மாற்றினேன். 'பிறவி'யைத் தேடி ஒரே தட்டில் மாற்றப் போய், பிறவி இதயக் குறைபாடு 'இயற்காப்பு இதயக் குறைபாடு' ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. 'உள்ளார்ந்த' இரண்டு இடத்தில் மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டும் ஐயா சொன்ன 'இன்ட்ரின்சிக்' இடங்கள். 'பேருண்ணி'யை ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த இயல் 'காம்ப்ளிமென்ட்'. எதிர்ப்பொருளின் வேலையை நிரப்பி முடிப்பது என்பதால் 'நிரப்புக்கூறு' என்றே வைத்துக்கொள்கிறேன். என் பழைய வரைவில் ஓரிடத்தில் அது 'பாராட்டுப் புரதம்' என்று இருந்தது. யாரும் கேட்பதற்குள் நானே திருத்திவிட்டேன்.