பாதி விலை பெந்தோ: ஃப்ரிட்ஜில் வைக்கலாமா, எத்தனை வாட், மீன் எதில் ஒளிந்திருக்கிறது?

தோசைக்கல் கேட்டது:

எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு டோக்கியோ சாப்பாடு பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்கிறோம். உணவகப் பட்டியல் வேண்டாம். தினசரி கொன்பினியிலும் (தெருமுனை வசதிக்கடை) சூப்பர்மார்க்கெட்டிலும் வாங்கும் பெந்தோ (பெட்டிச் சாப்பாடு), ஒனிகிரி (கையடக்கச் சோற்று உருண்டை), சோசாய் எனப்படும் தயார் கறிகள் பற்றி மட்டும்.

சந்தேகங்கள் இவை. இரவில் பாதி விலைக்கு வாங்கிய பெந்தோவை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் மதியம் சாப்பிடலாமா? வைத்தால் சோறு ஏன் விறைத்துப்போகிறது? லேபிளில் 500 வாட், 1500 வாட் என்று இரண்டு நேரம் இருக்கிறது. வீட்டில் இருப்பது 600 வாட் என்றால் எப்படிக் கணக்குப் போடுவது? இறைச்சி, மீன் சாப்பிடாதவர்கள் (முட்டை, பால் பரவாயில்லை) லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்? கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் விலை கூடுமா?

ரசம்85:

சோறு விறைப்பதும் சாப்பாடு கெடுவதும் இரண்டு தனி விஷயம். சேர்த்துக் குழப்பிக்கொண்டால் இரண்டிலும் தப்பாகிவிடும்.

வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். 0 முதல் 5 டிகிரிக்குள் அது மிக வேகமாக நடக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் நிற்பது அங்கேதான். அதனால்தான் கொன்பினியில் சோற்று பெந்தோவையும் ஒனிகிரியையும் பால், சாலட் பக்கத்தில் அடுக்காமல் 20 டிகிரியை ஒட்டிய தனி அடுக்கில் வைக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் விறைத்த சோற்றில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடியைச் சாய்த்து வைத்து, நடுவிலிருந்து ஆவி கிளம்பும்வரை சூடாக்கினால் இளகும். வெதுவெதுப்போடு நிறுத்தினால் நடுப்பகுதி மணல் மாதிரி உதிரும்.

இனி கெடுவது. பெரிய சமையல் கூடங்களுக்கான ஜப்பான் சுகாதார அமைச்சக வழிகாட்டி, சமைத்ததை 10 டிகிரிக்குக் கீழோ 65 டிகிரிக்கு மேலோ வைக்கச் சொல்கிறது. 20 டிகிரி இந்த இரண்டுக்கும் நடுவில். சோறு மென்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக அங்கே வைக்கிறார்கள். அதற்கு ஈடாகக் கெடுநேரத்தைச் சுருக்கி, கிளைசின், சோடியம் அசிடேட், அமிலத்தன்மையைச் சரிக்கட்டும் சேர்க்கைகள் போடுகிறார்கள். லேபிளில் 'ஷோஹி கிகென்' என்று தேதியோடு மணியும் இருக்கும். அது பாதுகாப்புக் கெடு. பிஸ்கட், கப் நூடுல்ஸில் வரும் 'ஷோமி கிகென்' ருசிக்கான தேதி. ஒருநாள் தாண்டினால் ஒன்றும் ஆகாது. பெந்தோவில் மணியைத் தாண்டக்கூடாது.

'மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் போச்சு' என்பதும் எடுபடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையலைத் தாண்டியும் பிழைத்திருக்கும். அவை பெருகி விடுகிற வாந்தி நச்சு மைக்ரோவேவுக்கு அசையாது. நடுவில் இருக்கும் உமெபோஷி (உமெ பழ உப்பு ஊறுகாய்) காப்பாற்றும் என்றும் சொல்வார்கள். அது தொட்டுக்கொண்டிருக்கும் நாலு பருக்கையைத்தான் காப்பாற்றும்.

மறுநாளுக்கு வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, குளிர் அடுக்கிலேயே விற்கிற சோற்று பெந்தோ. சோறு விறைக்காதபடி பக்குவம் மாற்றிச் செய்தது. 'சேமிப்பு முறை' வரியில் 10 டிகிரிக்குக் கீழ் என்று இருக்கும், கெடுவும் நீளமாக இருக்கும். இன்னொன்று, சோற்றை வீட்டில் வைத்துக்கொண்டு சோசாயை மட்டும் கடையில் வாங்குவது. அதற்கும் கெடு மணி பார்த்துத்தான். சூடாக இருக்கும்போதே 150 கிராம் சோற்றைத் தட்டையாகப் பிளாஸ்டிக் ராப்பில் சுற்றி, ஆவி அடங்கியதும் ஃப்ரீசரில் போடுங்கள். 0–5 டிகிரியைச் சோறு சட்டென்று கடந்துவிடும், இறுக நேரம் கிடைக்காது. உருண்டையாகச் சுற்றினால் நடுப்பகுதி மெதுவாக உறையும். சூடாக்கும்போதும் அங்கேதான் ஐஸ் மிஞ்சும். 600 வாட்டில் இரண்டு, இரண்டரை நிமிஷம் போதும்.

ஒசாகா அண்ணாச்சி:

வாட் கணக்கு எளிது. வாட்டையும் வினாடியையும் பெருக்கி வருவது மாறக்கூடாது. 500 வாட்டில் 3 நிமிஷம் 30 வினாடி என்றால் 210 வினாடி, அதாவது 1,05,000. 600ஆல் வகுத்தால் 175 வினாடி, 2 நிமிஷம் 55 வினாடி. 1500க்கு 70 வினாடி. லேபிளிலும் அதுதான் இருக்கும். 1500 கடைக்காரரின் அடுப்புக்கு, வீட்டில் அந்த அமைப்பே கிடையாது. வீட்டு அடுப்பில் 1000 வாட் என்று போட்டிருந்தால் நம்பி முழு நேரமும் கணக்கிடாதீர்கள்: பலவற்றில் சில நிமிஷத்துக்குப் பின் தானாக 600க்கு இறங்கிவிடும். லேபிளில் உள்ள நேரம் கடை அடுக்கின் வெப்பத்தில் இருக்கும் பெந்தோவுக்கானது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் இன்னும் அரை நிமிஷம் கூட்டுங்கள்.

ஒசாகா கிளைக்குப் போகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும். ஷிஸுவோகாவின் ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. இன்வெர்ட்டர் (மின் அதிர்வெண்ணை மாற்றும் சுற்று) இல்லாத விலை குறைந்த மைக்ரோவேவில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள், '50 ஹெர்ட்ஸ் 500 வாட், 60 ஹெர்ட்ஸ் 700 வாட்' என்பது போல இருக்கும். டோக்கியோவில் சரியாக வந்த அதே நிமிஷம் ஒசாகாவில் ஓரத்துச் சோற்றைக் காயவைத்துவிடும். ஒரே பகுதிக்கு மட்டும் ஆன அடுப்பும் விற்பனையில் உண்டு. பழைய சாமான் கடையில் வாங்கி ஊர் மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 'ஹெர்ட்ஸ் ஃப்ரீ' என்றிருந்தால் இந்தக் கவலை இல்லை.

சூடாக்குமுன் எடுக்க வேண்டியவை: சாஸ், மயோனைஸ் பொட்டலம் (வெடிக்கும்), அலுமினியக் கிண்ணம் (பொறி பறக்கும்), முழு அவித்த முட்டை, ஊறுகாய், பச்சைக் காய். டெம்புரா, பொரித்த இறைச்சி ஒளிபுகும் மெல்லிய மூடியில் படக்கூடாது. பாலிஸ்டைரீன் மூடி 80 டிகிரிவாக்கில் சுருங்கும், பொரித்த எண்ணெய் அதைத் தாண்டிச் சூடாகும். கீழ்த்தட்டு பாலிபுரொப்பிலீன் என்றால் தாங்கும்.

கறிவேப்பிலை:

சைவம் பற்றி. ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம்மவர்கள் முதலில் சறுக்குவது அங்கேதான்.

கட்டாயம் காட்ட வேண்டியவை இறால், நண்டு, கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), முட்டை, பால், வேர்க்கடலை; 2023இல் வால்நட்டும் சேர்ந்தது. மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் போன்றவை 'காட்டினால் நல்லது' வகை. 'கட்சுவோ' மீன் இரண்டிலும் கிடையாது. ஆனால் ஜப்பானியச் சமையலில் தாஷி என்கிற சாற்றுக்கு அடிப்படையே அதுதான். ஆக ஒவ்வாமை அட்டவணையில் மீன், இறைச்சிக் கட்டமெல்லாம் காலியாக இருக்கும். கறிக்குள் மீன்சாறு இருக்கும்.

பார்க்க வேண்டியது 'கென்ஸைர்யோமெய்' எனும் மூலப்பொருள் பத்தி. எடை அதிகமானது முதலில் வரும், சாய்வுக்கோட்டுக்குப் பிறகு வருவது சேர்க்கைகள். மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டும்போது கட்சுவோ, 'கட்சுவோ எகிசு', 'கியோகாய் எகிசு' (மீன், கடலுணவுச் சாறு), 'சிக்கன் எகிசு', 'போக் எகிசு', 'ராதோ' (பன்றிக் கொழுப்பு), ஜெலட்டின் ஆகியவற்றைத் தேடுங்கள். 'தாம்பகு கசுய்புங்காய்புட்சு' என்ற நீளமான பெயர் புரதச் சிதைவுப் பொருள். அது சோயாவிலும் வரும், விலங்கிலும் வரும்.

எதில் என்ன இருக்கும் என்பது ஓரளவு யூகிக்கக்கூடியதுதான். கொம்பு (கடற்பாசி) ஒனிகிரியும் உமெ ஒனிகிரியும் பார்க்கச் சைவம், பலவற்றில் கட்சுவோ சாறு உண்டு. இனாரிஸுஷியின் பொரித்த டோஃபு தாஷியில் வெந்தது. நத்தோ (நொதித்த சோயா) சுருளில் பிரச்சினை நத்தோ இல்லை, கூட வரும் சாஸ். கின்பிரா கோபோவிலும் (கோபோ வேர்ப் பொரியல்) பெரும்பாலும் தாஷி வரும். உருளைக்கிழங்கு சாலடில் ஹாம் துண்டு கிடக்கும். கறி பன் 'காய்கறி' என்று சொன்னாலும் மாவிலோ மசாலாவிலோ விலங்குக் கொழுப்பு வரும். உப்பு மட்டும் போட்ட 'ஷியோ முசுபி' ஒனிகிரிதான் பெரும்பாலும் தப்பிக்கும். அதையும் திருப்பிப் படித்துவிட்டு எடுங்கள். அவித்த எடமாமே (பச்சைச் சோயா), வெறும் டோஃபு (சாஸைப் பிரிக்காமல்), அவித்த முட்டை, வாழைப்பழம், தயிர் (ஜெலட்டின் பார்த்து) என்று கூட்டிச் சேர்த்தால் ஒருவேளை ஒப்பேறும்.

லேபிளே சொல்லாத இடமும் உண்டு. கண்முன்னே செய்து கையில் கொடுக்கும் பெந்தோ கடைக்கு மூலப்பொருள் லேபிள் கட்டாயமில்லை. சூப்பர்மார்க்கெட் தன் சமையலறையில் செய்து அங்கேயே பொட்டலம் போட்டதில் ஒவ்வாமை, சேர்க்கை, கெடு இருக்கும், மூலப்பொருள் பத்தியை விட்டுவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் கொன்பினிப் பொட்டலத்தில்தான் முழுப் பத்தி கிடைக்கிறது. சைவத்துக்கு அலங்காரமான கடையைவிட கொன்பினியே நம்பகம் என்பது என் கட்சி.

வாரக்கடைசிக்கு பருப்பு, புளி, அரிசி வாங்க எடோகாவா வட்டத்தின் நிஷி கசாய் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. குறிப்புத் தாளில் ஒரு வரி போடலாம்.

நடுராத்திரி ரயில்:

விலை, கல்லா சமாச்சாரம் மட்டும் சொல்கிறேன்.

2019 அக்டோபரில் நுகர்வு வரி 10 சதவீதமானபோது உணவை எடுத்துப்போனால் 8, அங்கேயே சாப்பிட்டால் 10 என்று பிரித்தார்கள். 498 யென் பெந்தோ எடுத்துப்போனால் 537, உள்ளே மேஜையில் சாப்பிட்டால் 547. கல்லாவிலேயே சொல்லவேண்டும். மது எப்போதும் 10தான். பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலையிலிருந்து காசு.

கல்லாவில் வேகமாக வரும் கேள்விகள் மூன்று: சூடாக்கவா, பை வேண்டுமா, குச்சி வேண்டுமா. வேண்டுமென்றால் 'ஒனேகாய் ஷிமாஸ்', வேண்டாமென்றால் 'தாய்ஜோபு தெஸ்'. ரயிலில் அரைமணி போகவேண்டியவர்கள் கடையில் சூடாக்க வேண்டாம். மூடியில் நீர் கோத்துப் பொரித்தது நமத்துவிடும்.

தள்ளுபடி சூப்பர்மார்க்கெட்டில் படிப்படியாக வரும்: 10 அல்லது 20 சதவீதம், பிறகு 30, கடைசியில் 'ஹான்காகு', பாதி விலை. மணி கடைக்குக் கடை மாறும். மூடுகிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் கடைசி இரண்டு மணிநேரத்துக்குள் பாதி வரும். மழை நாளில் ஆள் வராததால் சீக்கிரமே தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஊழியரிடம் 'இதிலும் ஒட்டுங்கள்' என்று நீட்டுவதும், கூடையில் போட்டுக்கொண்டு காத்திருப்பதும் அங்கே அநாகரிகம். சுயகல்லாவில் தள்ளுபடி ஒட்டியில் தனி பார்கோடு இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். அடியில் இருப்பதைக் காட்டினால் முழு விலை விழும்.

கொன்பினியில் தள்ளுபடி குறைவு. 2009இல் உரிமைக் (ஃப்ரான்சைஸ்) கடைக்காரர்கள் விலை குறைப்பதைத் தடுத்ததற்காக செவன் லெவன் ஜப்பானுக்கு நியாய வர்த்தக ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் வழி திறந்தது. கெடு தாண்டியதைக் கல்லா இயந்திரமே பில் போட மறுக்கும்.

டிபார்ட்மென்ட் கடைகளின் தரைக்கீழ்த் தளம், அதாவது தெபாச்சிகா, 8 மணிவாக்கில் மூடும். எத்தனை நேரம் எடுத்துப் போவீர்கள் என்று கேட்டு ஐஸ் பொட்டலம் வைத்துக் கொடுப்பார்கள். பயண நேரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

தோசைக்கல்:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. ஒனிகிரி உறையைப் பிரிக்கும்போது கடற்பாசி கிழிந்து பாதி உறையிலேயே நின்றுவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். சாப்பிட்ட பெட்டியை எதில் போடுவது?

ரசம்85:

கடற்பாசி நமத்துப்போகாமல் இருக்க அதற்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு படலம் இருக்கும். 1 என்று எழுதிய நாடாவை உச்சியிலிருந்து கீழே இழுத்து, அடியைச் சுற்றிப் பின்பக்கம் உச்சிவரை முழுதாகக் கொண்டுவாருங்கள். பாதியில் நிறுத்தினால்தான் கிழிகிறது. பிறகு 2ஆம் மூலையைப் பக்கவாட்டில், மேலே தூக்காமல் இழுக்க வேண்டும். மறுகை விரலால் சோற்றை லேசாக அழுத்திப் பிடிக்கலாம். அடுத்து 3. மூலையில் கடற்பாசி கொஞ்சம் மாட்டிக்கொண்டால் உறையை மெல்லக் கசக்கி உதறுங்கள்.

பெட்டியில் 'புரா' என்ற குறி இருந்தால் பிளாஸ்டிக் பொதிப் பிரிவு. அலசிவிட்டுப் போடவேண்டும், எண்ணெய், சாஸ் போகாவிட்டால் பல இடங்களில் எரிக்கும் குப்பைக்குத்தான். டோக்கியோவின் 23 வட்டங்களிலும் விதி ஒன்றில்லை, வட்ட அலுவலகம் தரும் குப்பை நாட்காட்டியைப் பார்த்து அந்தந்த வட்டத்துக்குத் தனியாகக் குறிப்பு போடுங்கள். அலுவலகக் கட்டடத்துக்கு வேறு விதி, கட்டட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கொன்பினியில் வாங்கியதை அங்கேயே கடைத்தொட்டியில் போடலாம். வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய்ப் போடக்கூடாது.