புதுப்பிப்பு: கடலோரப் பறவைப் பயணம் போய் வந்தாச்சு

வெப்பமண்டலக் கடலோரத்தில் வழிகாட்டியோடு ஐந்து நாள் பறவை பார்க்கப் போகிறேன், பைனாகுலர் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போதாது, டெலஸ்கோப்பும் வேண்டும்.

முதல் நாள் சொதப்பல். விடிந்ததும் கூட்டிப்போனார்கள். கடல் உள்வாங்கிக் கிடக்க, உள்ளான்களெல்லாம் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) சேற்றுவெளியின் மறுகோடியில் வெறும் புள்ளிகள். ஏற்பாட்டாளர்கள் ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்க்கவே இல்லை போல. மறுநாள் வந்த வழிகாட்டி வேறு ரகம். நீர் உச்சத்துக்கு ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எங்களைக் கரையில் உட்காரவைத்துவிட்டார். சேறு மூழ்க மூழ்க, பறவைகள் தாமாகவே எங்கள் பக்கம் ஒதுங்கி வந்தன.

அதில் ஒன்றுக்குக் காலெல்லாம் சேறு, நிறமே தெரியவில்லை. பச்சை நிறக் கால் கொண்ட பச்சைக்காலி என்று அடித்துச் சொன்னேன். "பறக்கட்டும், பார்ப்போம்" என்றார். பறந்தது. இறக்கையின் பின்விளிம்பில் பளிச்சென்று அகலமான வெள்ளைப் பட்டை. சிவப்புக் கால் கொண்ட பவளக்காலி! பச்சைக்காலிக்கு அந்தப் பட்டை கிடையாது, முதுகில்தான் ஆப்பு மாதிரி வெள்ளை ஏறும்.

அலையாத்திக் காட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவையைவிடக் கொசுதான் ஏராளம்.

அப்புறம், டெலஸ்கோப் விஷயம். இருந்தது ஒன்றுதான், வரிசையில் எட்டுப் பேர். என் முறை வருவதற்குள் பாதிப் பறவை பறந்துவிடும். பணம் கட்டும் முன்பே குழுவில் எத்தனை பேர், டெலஸ்கோப் எத்தனை என்று கேட்டுவிடுங்கள்.