"பாப்பா எப்படி வந்துச்சு?" ஐந்து வயதுக்கு என்ன பதில் சொல்வது?

மழைத்தூறல்:
தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு என் ஐந்து வயது மகள், "சித்தி பாப்பாவ முழுங்கிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, கருப்பை என்று உள்ளே தனியாக ஒரு பை இருக்கிறது, பாப்பா அதில்தான் வளர்கிறது என்றேன். எப்படி வெளியே வரும்? அதற்கென்று கால்களுக்கு நடுவே ஒரு வழி இருக்கிறது, சில சமயம் டாக்டர் வயிற்றைத் திறந்தும் எடுப்பார் என்றேன். "சரி" என்று விளையாடப் போய்விட்டாள். வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் கோபம். நான் செய்தது தப்பா?

பழையபாடம்:
தப்பு என்று சொல்லமாட்டேன். அவசரம். 'சாமி கொடுத்தார்' என்று கேட்டு வளர்ந்த நாங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. பள்ளியில் பாடம் வரும்போது தெரிந்துகொள்ளட்டுமே. நாளைக்கு அவள் வகுப்பில் நாலு பிள்ளைகளிடம் சொன்னால், அந்த வீட்டுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது?

நடுப்பக்கம்:
கெட்டுப்போகவில்லைதான், பயந்து செத்தோமே! 'அம்மா ஒரு விதையை முழுங்கினேன், நீ வந்தாய்' என்றார்கள் எனக்கு. ஒருநாள் பழக்கொட்டை ஒன்று தொண்டைக்குள் போய்விட்டது. அன்று இரவெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டே படுத்திருந்தேன். இத்தனைக்கும் நான் ஆண் பிள்ளை.

பாடம் வரட்டும் என்கிறீர்கள். பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலேயே தொடங்கலாம், பையன்களுக்கு 9 வயதில். பாடத்தை உடம்பு முந்திவிடும். 2018-இல் திருத்தி வெளியிட்ட யுனெஸ்கோவின் பாலியல் கல்வி வழிகாட்டியே 5 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. முட்டையும் விந்தணுவும் சேர்ந்தால் கரு உண்டாகும் என்பது 5 முதல் 8 வயதுப் பகுதியிலேயே இருக்கிறது.

பழையபாடம்:
சரி, அந்த விந்தணு உள்ளே எப்படிப் போனது என்று கேட்டால்? அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

மழைத்தூறல்:
முதலில் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்பேன். பாதி நேரம் அவள் கேட்பது நாம் பயப்படுகிற கேள்வியாகவே இருக்காது. அதையேதான் கேட்கிறாள் என்றால், பெரியவர்கள் இரண்டு பேர் ரொம்ப நெருக்கமாக இருக்கும்போது அப்பா உடம்பிலிருந்து அம்மா உடம்புக்குப் போகும், இது பெரியவர்கள் விஷயம் என்பேன். அதற்குமேல் அவள் கேட்காமல் நானாகச் சொல்லமாட்டேன்.

வார்டுக்காரி:
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கண், மூக்கு, தொப்புள் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்து, தொப்புளிலிருந்து நேரே முட்டிக்குத் தாவிவிடுகிறோம். ஒரு பையன் 'குருவி வலிக்குது, குருவி வலிக்குது' என்று இரண்டு நாள் அழுதானாம். அது அம்மா வைத்த செல்லப் பெயர், அம்மா ஊரில் இல்லை. சிறுநீர்த் தொற்று. இதுவாவது வலி. யாராவது அங்கே தொட்டிருந்தால், அதை எந்த வார்த்தையில் சொல்லியிருப்பான்?

பழையபாடம்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வார்த்தைக்கு எங்கே போவது? 'ஆண்குறி', 'யோனி' என்றால் பாடப்புத்தக வாடை. பேச்சில் இருப்பதைச் சொன்னால் கெட்ட வார்த்தை. பெற்றவர்களுக்கே நாக்கு வரவில்லை.

வார்டுக்காரி:
எனக்கும் முதலில் வரவில்லை. குளிப்பாட்டும்போது முழங்கை, முழங்கால் என்கிற அதே குரலில் பத்து தடவை சொன்னால் பழகிவிடும். குழந்தைக்குப் பாடப்புத்தக வாடையெல்லாம் தெரியாது, நம் முகம் மாறுவதுதான் தெரியும். 'அம்மா, அப்பா, டாக்டர், அதுவும் சுத்தம் பண்ணவோ வைத்தியத்துக்கோ மட்டும்தான் தொடலாம். வேறு யார் தொட்டாலும் என்னிடம் சொல், திட்டமாட்டேன்' என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

பழையபாடம்:
பெயரும் பாதுகாப்பும் சரி. கரு உண்டாகிற கதைக்கு இன்னும் மூன்று வருஷம் பொறுக்கலாம் என்பதில் நான் மாறவில்லை.

மழைத்தூறல்:
இவள் மூன்று நாள்கூடப் பொறுக்கமாட்டாள். இன்று காலைக் கேள்வி: "சித்தி சாப்பிட்டா பாப்பா தலையில விழாதா?" இரைப்பை வேறு, கருப்பை வேறு என்று இரண்டு பை வரைந்து காட்டினேன். கோபத்தில் இருந்த பாட்டியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

பழையபாடம்:
அந்தப் படம் புத்தகப்பைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.