டிராகோவின் கொலைச் சட்டம்: படிக்க வழிகாட்டுங்கள்

நண்பர்களே, வணக்கம். பள்ளி மாணவர்களுக்காக ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பற்றிக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். இப்போது கையில் இருப்பது 'டிராகோனியன்'. ஈவிரக்கமற்ற சட்டம், அளவுக்கு மீறிய தண்டனை என்றால் பத்திரிகைகள் உடனே எடுத்தாளும் சொல்.

இதன் வேர் ஏதென்ஸில் கி.மு. 621 வாக்கில் சட்டம் வகுத்த டிராகோவின் பெயர். காய்கனி திருடியவனுக்கும் அவர் மரண தண்டனை விதித்தார் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். டிராகோவின் சட்டங்கள் மையால் அல்ல, இரத்தத்தால் எழுதப்பட்டவை என்று ஏதென்ஸ் பேச்சாளர் டெமாடிஸ் சொன்னதையும் புளூட்டார்க்கே பதிவு செய்கிறார். கி.மு. 594-இல் ஏதென்ஸுக்குப் புதிய சட்டங்கள் வகுத்த சோலன், டிராகோவின் கொலைச் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினார்.

என் மனம் அந்தக் கொலைச் சட்டத்திலேயே நிற்கிறது. கி.மு. 409-இல் ஏதென்ஸ் மக்கள் அதை மீண்டும் கல்லில் பொறித்தார்கள். சிதைந்த அந்தக் கல் இன்றும் இருக்கிறது. திட்டமிடாமல் கொன்றவனுக்கு அது விதிப்பது நாடுகடத்தல்தான். இறந்தவரின் உறவினர்கள் ஒருமனதாக இசைந்தால் மன்னிப்பும் உண்டு! கொடுமைக்கே பெயர் தந்தவரின் சட்டத்தில் இவ்வளவு நிதானமா? இதை மாணவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தக் கல்வெட்டின் முழு வாசகத்தை எளிய ஆங்கிலத்திலோ தமிழிலோ படித்தவர்கள் நூலின் பெயரைச் சொல்லுங்கள். ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்துக்குப் போனவர்களிடம் தெளிவான படம் இருந்தால் பகிருங்கள். கிரேக்கம் தெரிந்தவர் எவரேனும் என் வரைவைப் பார்த்துத் திருத்தித் தந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.